கொம்புப் பூச்சிகளை இனமறிதலின் அவசியம்

துவரைச் செடியின் தண்டிலும், வேலிக் கருவேலின் இளங்கிளையிலும், கத்தரிச் செடியின் கணுக்களிலும் முள் முளைத்தாற்போல் ஒட்டிக்கொண்டிருந்து, விரல் அருகே சென்றவுடன் துள்ளிப் பறந்துவிடும் சிறு பூச்சிகளைப் பார்த்திராத குடியானவர் இலர். தோளின் இருபுறத்திலும் மாட்டுக் கொம்புபோல் நீண்டிருக்கும் உறுப்பைக்கொண்டு இவற்றைக் கொம்புப் பூச்சி என்று பொதுவாக அழைக்கலாம். ஆங்கில விவசாய நூல்களிலும் இவற்றுக்குப் பசுப் பூச்சி என்று பொருள்படும் பெயரே வழங்கிவருகிறது. ஆனால் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் இவை யாவும் ஒரே பூச்சி என்று கொள்வது பெருந் தவறாகும். அத்தவறின் பயனாக, வேண்டாத இடத்தில் மருந்து தெளிக்கப்படுகிறது. வேண்டிய இடத்தில் கவனம் செலுத்தப்படாமற் போகிறது. கொம்புப் பூச்சி கண்ட இடமெல்லாம் மருந்து என்ற வழக்கம் ஒழிந்து, முதலில் மாதிரி எடுத்தல், பின்பு இனமறிதல், அதன் பின்பே சிகிச்சை என்ற முறை கிராமங்களில் நிலைபெறவேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூச்சியின் இயல்பு

கொம்புப் பூச்சிகள் மெம்ப்ராஸிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. தத்துப்பூச்சி, அசுவினி முதலியவற்றைப்போலவே இவையும் ஊசிபோன்ற வாயால் செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. உலகில் இக்குடும்பத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் காணப்படுபவை பெரும்பாலும் சென்ட்ரோட்டினே என்ற உட்குடும்பத்தில் அடங்கும். வளர்ந்த பூச்சி ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் குறைவானதே. இதன் விசேஷ லக்ஷணம் யாதெனில், மார்பின் முதற்கண்டத்தின் மேல்தகடு அளவுக்கு மீறி வளர்ந்து, முன்புறம் தலையை மறைத்தும், இருபுறமும் கொம்புகளாகக் கிளைத்தும், பின்புறம் ஒரு நீண்ட முள்ளாக உடலின்மேல் படிந்தும் நிற்பதுதான். இத்தகட்டை முதுகுக் கவசம் என்றும், அதன் கிளைகளைப் பக்கக் கொம்பு, பின்முள் என்றும் இங்கே குறிக்கலாம்.

தாய்ப் பூச்சி இளந்தண்டைக் கீறி, அந்தக் கீறலுக்குள் முட்டைகளை வரிசையாக இடுகிறது. சில இனங்களில் தாய் முட்டைகளின்மேல் அமர்ந்து காவல்காப்பதும் உண்டு. குஞ்சுகளுக்குச் சிறகும் முழுக் கவசமும் இரா. அவை கூட்டமாகத் தண்டில் தங்கிச் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவு நீரை வெளியிடும். அந்நீரை விரும்பிக் கட்டெறும்புகளும் முசிறுகளும் அவற்றைச் சூழ்ந்து நின்று, பகைப்பூச்சிகளை அண்டவிடாமல் விரட்டும். ஆகையால் தண்டில் எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டால், அங்கே இக்குஞ்சுகள் உளவா என்று பார்ப்பது நல்ல வழக்கம். கூட்டம் மிகுந்த இடத்தில் தண்டின்மேல் தக்கைபோன்ற தழும்புகள் உண்டாகிச் செடி வாட்டமுறும். கூட்டம் குறைவாயின் வளர்ந்த செடிக்குச் சொல்லத்தக்க சேதம் ஏதுமில்லை.

பெயர் தெரிவதால் உண்டாகும் பயன்

பெயர் எதுவாயிருப்பினும் பூச்சி பூச்சிதானே என்று கேட்பவர் உளர். அவர்கள் துவரை வயலையும் அதன் வேலியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வேலியில் நிற்கும் கருவேலில் கொம்புப் பூச்சிகள் அடர்ந்திருக்கும்போது, அவை துவரைக்கு வந்துவிடுமென்று அஞ்சி வேலிக்கும் வயலுக்கும் சேர்த்து மருந்து அடிப்பவர் உண்டு. கருவேலில் பெரும்பாலும் காணப்படுவது ஆக்ஸிராக்கிஸ் டரண்டஸ் என்ற இனம். துவரையில் பெரிதும் பேசப்படுவது ஒடினோடஸ் ஒனரேடஸ் என்ற இனம். வேலியிலும் வயலிலும் இருப்பவை வெவ்வேறு இனமாயின், வேலிக்குச் செலவழித்த மருந்தும் கூலியும் முற்றிலும் வீண். ஒரே இனமாயின், வேலியைக் கவனியாமல் வயலுக்கு மாத்திரம் மருந்தடித்தால் பூச்சி மீண்டும் மீண்டும் வந்துகொண்டேயிருக்கும். இவ்விரு இனங்களும் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளில் வாழக்கூடியவை. ஆதலால், எந்தச் செடியில் இருந்தது என்பதைக்கொண்டு மட்டும் இனத்தை முடிவுசெய்ய இயலாது. பூச்சியையே கையிலெடுத்துப் பார்த்தாக வேண்டும்.

சாறுண்ணும் பூச்சிகளில் சில, நோயைச் செடிக்குச் செடி சுமந்து செல்பவை. அங்கே இனமறிதல் இன்னும் முக்கியமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடகுப் பிரதேசத்தில் சந்தன மரங்களுக்கு ஸ்பைக் என்னும் நோய் கண்டது. இலைகள் சிறுத்து விறைத்து நின்று மரம் மடிந்துபோகும் கொடிய நோய் அது. அதைப் பூச்சிகள் பரப்புகின்றனவா என்று அறிய, 1930-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சார்பில் வட சேலத்துக் காடுகளிலும் குடகிலும் சந்தன மரத்தில் வாழும் பூச்சிகள் பெருந்தொகையாகச் சேகரிக்கப்பட்டு, குடும்பம் குடும்பமாகப் பிரித்து அந்தந்தக் குடும்பத்தில் தேர்ந்த நிபுணர்களுக்கு அனுப்பப்பட்டன. கொம்புப் பூச்சிகளும் அவ்வாறு பரிசோதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். வைரஸால் வருவது என்று நெடுங்காலம் கருதப்பட்ட அந்நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்று இப்போது வழங்கும் நுண்ணுயிர் வகை என்பது 1969-ல் எலக்ட்ரான் நுண்பெருக்கியால் தெரியவந்தது. நோயைப்பற்றிய கருத்து மாறியபோதிலும், எந்த மரத்தில் எந்தப் பூச்சி இருந்தது என்ற பழைய பதிவுகள் பயனற்றுப்போகவில்லை. பெயரும் இடமும் குறித்துவைத்த மாதிரி எந்தக் காலத்திலும் கேள்விக்கு விடை தரும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் சிவப்புத் திட்டு நோய் என்ற வைரஸ் நோய் பரவியபோது, அதைச் சுமப்பது ஸ்பிஸ்ஸிஸ்டிலஸ் பெஸ்டினஸ் என்ற கொம்புப் பூச்சியே என்று 2016-ல் சோதனை மூலம் காட்டப்பட்டது. திராட்சையில் அற்பமானது என்று கருதப்பட்ட பூச்சி அது. தோட்டத்தில் இருந்த பல பூச்சிகளுள் இதைத் தனித்து இனமறிந்திராவிட்டால் அவ்வுண்மை வெளிப்பட்டிராது.

முக்கியமான அடையாளங்கள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைப் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால், வயலில் சாதாரணமாகக் காணப்படும் வகைகளைப் பேரினம் வரையில் பிரித்துவிடலாம். பார்க்கவேண்டியவை நான்கு. பக்கக் கொம்பு உண்டா, இல்லையா? பின்முள் உடலோடு ஒட்டியிருக்கிறதா, விலகி நிற்கிறதா? கவசத்தின் பின்னோரத்தில் இருக்கும் சிறு முக்கோணத் தகடு வெளியே தெரிகிறதா, மறைந்திருக்கிறதா? பின்னங்காலின் அடிப்பகுதியில் சிறு முட்கள் உண்டா?

ஆக்ஸிராக்கிஸ் பேரினத்தில் முக்கோணத் தகடு கவசத்தினடியில் மறைந்துவிடும். பின்முள் நீண்டு உடலின்மேல் படிந்திருக்கும். லெப்டோஸென்ட்ரஸ் பேரினத்தில் அத்தகடு நன்றாகத் தெரியும். பின்முள் மெலிந்து, தகட்டைத் தொடாமல் வில்போல வளைந்து எழும்பி நிற்கும். பக்கக் கொம்புகள் நீண்டு பின்புறமாக வளைந்திருக்கும். ஒடினோடஸ் பேரினத்தில் கொம்புகள் தடித்தவை. பின்முள்ளும் தடித்து, மேலெழும்பாமல் சிறகின் ஓரத்தோடு நெருங்கிச் செல்லும். டிரைஸென்ட்ரஸ் பேரினத்தில் கொம்புகள் குட்டையாயிருப்பதோடு, பின்னங்காலின் தொடையை ஒட்டிய சிறு கண்டத்தின் உட்புறத்தில் பல்போன்ற முட்கள் காணப்படும். கார்காரா பேரினத்துக்குப் பக்கக் கொம்பே கிடையாது. கொம்பில்லாத பூச்சியைக் கொம்புப் பூச்சிக் குடும்பத்தில் சேர்ப்பது வேடிக்கையாகத் தோன்றினும், கவசமும் பின்முள்ளும் அதன் உறவை ஐயமின்றிக் காட்டும்.

கொம்பை மட்டும் நம்பலாகாது

பேரினத்தைக் கண்டபின் இனத்தை நிச்சயிப்பதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகின்றனர். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பாதலால், கொம்பின் நீளத்தையும் வளைவையும் கொண்டே பெயரிட்டுவிடத் தோன்றும். ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே கொம்பு வேறுபடும். பெரும்பாலும் ஆண் சிறியதாகவும் கறுத்தும் இருக்கும். பெண் பெரியதாகவும் வெளிர்நிறமாகவும் இருக்கும். ஆணின் கொம்பு பல இனங்களில் குட்டையானது. ஒரே கிளையில் பிடித்த பெண்களுக்குள்ளும் கொம்பின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு மாட்டுப் பட்டியில் கொம்பு விரிந்த மாடும், கூம்பிய மாடும், கொம்பு தீய்ந்த மாடும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து அவற்றை மூன்று வகைப் பிராணிகள் என்று எவரும் சொல்வதில்லை. பூச்சியிலும் அந்த நிதானம் வேண்டும்.

கற்றறிந்தோரும் இதில் தவறியதுண்டு. டென்மார்க் தேசத்தில் பிறந்த பேப்ரிஷியஸ் 1775-ல் ஓர் இனத்துக்கு எருது என்று பொருள்படும் டாரஸ் என்ற பெயரையும், 1798-ல் மற்றோர் இனத்துக்குக் கலைமான் வகையொன்றைக் குறிக்கும் டரண்டஸ் என்ற பெயரையும் கொம்பைப் பார்த்தே வைத்தார் எனலாம். தரங்கம்பாடியில் வசித்த கோனிக் போன்றோர் அனுப்பிய தென்னாட்டுப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவரும் அவரே. அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர் ஓரிரண்டு மாதிரிகளை மாத்திரம் கண்டு, ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும், நீண்ட கொம்புக்கு ஒரு பெயரும் குறுங்கொம்புக்கு ஒரு பெயருமாக வைத்துச் சென்றனர். அப்பெயர்களை ஒன்றுசேர்த்து ஒழுங்குசெய்வதே பிற்காலத்தவர்க்குப் பெரும் வேலையாயிற்று. 1902 முதல் 1918 வரை ஏழு பாகங்களாக டிஸ்டன்ட் வெளியிட்ட இந்திய நாவாய்ப்பூச்சி வகைகளின் நூலிலும், 1927-ல் பங்க்ஹவுஸர் வெளியிட்ட பெயரட்டவணையிலும், 1996-ல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாக அனந்தசுப்பிரமணியன் எழுதிய இந்தியக் கொம்புப் பூச்சிகளின் நூலிலும் இவ்வொழுங்கு படிப்படியாக நடந்து வந்திருக்கிறது.

இக்காலத்தில் நிபுணர்கள் கொம்போடு நில்லாமல், கவசத்தின் ரோமமும் புள்ளியும், சிறகின் நரம்புகள், காலின் முட்கள், இறுதியாக ஆண் பூச்சியின் இனவுறுப்பின் வடிவம் ஆகியவற்றையும் ஒப்பிட்டே முடிவு கூறுகின்றனர். எருமைக் கொம்புப் பூச்சி என்று அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரே பெயரில் வழங்கிவந்த கூட்டத்தை 1977-ல் காப், யாங்க் என்ற இருவர் மறுபடி பரிசோதித்து, அதில் தனியே பிரிக்கவேண்டிய இனம் ஒன்று கலந்திருப்பதாகக் கண்டு அதற்குப் பைஸோனியா என்று பெயரிட்டனர். முன்னோர் சேகரித்த மாதிரிகள் பெட்டிகளில் பாதுகாக்கப்பட்டிருக்கும்வரை இத்தகைய திருத்தத்துக்கு இடமுண்டு. பெயர் பிழையாயினும் மாதிரி இருந்தால் திருத்திக்கொள்ளலாம்; மாதிரி இல்லாத பெயரைத் திருத்த வழியில்லை.

மாதிரி சேகரிக்கும் முறை

ஒரு பூச்சியை மட்டும் பிடித்து அனுப்புவது போதாது. ஒரே செடியிலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகளும், கூடவே இருக்கும் குஞ்சுகள் சிலவும் வேண்டும். குளிர்ச்சியான காலை வேளையில் இவை மந்தமாயிருக்குமாதலால், கண்ணாடிக் குழாயின் வாயைப் பூச்சியின்மேல் மெதுவாகக் கவித்தால் தானே உள்ளே துள்ளி விழும். எதைல் அஸிடேட் நனைத்த பஞ்சைக் குழாயிலிட்டால் சிறிது நேரத்தில் இறந்துவிடும். குஞ்சுகளை எழுபது அல்லது எண்பது சதவீதச் சாராயத்தில் இட்டுவைக்கவேண்டும்; உலர்த்தினால் சுருங்கி உருமாறிவிடும்.

வளர்ந்த பூச்சியை நேரே ஊசியால் குத்துவதைவிட, முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் பூச்சியின் வலப்பக்கத்தைப் பசையால் ஒட்டி, அட்டையின் அகன்ற பக்கத்தில் ஊசியைச் செலுத்துவது நலம். இடப்பக்கமும் கவசமும் முழுமையாகப் பார்வைக்குக் கிடைக்கும். பெட்டியில் நாப்தலீன் உருண்டை இட்டு, ஈரம் புகாமலும் எறும்பு ஏறாமலும் காக்கவேண்டும். வசதியில்லாதவர் பூச்சிகளை உலர்ந்த தாளில் மடித்துத் தீப்பெட்டியில் வைத்து அனுப்பினாலும் ஏற்கத்தக்கதே.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது சீட்டு. ஜில்லா, வட்டம், கிராமம், தேதி, செடியின் பெயர், பிடித்தவர் பெயர் ஆகிய ஆறும் அழியாத மையினாலோ பென்சிலாலோ எழுதப்பட்டு ஒவ்வொரு ஊசியிலும் இருக்கவேண்டும். சாராயக் குழாயாயின் பென்சிலால் எழுதிய சீட்டைக் குழாய்க்குள்ளேயே இடவேண்டும். எறும்பு இருந்ததா, முட்டைக் கீறல் இருந்ததா, செடிக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய எத்தனை பூச்சிகள் என்ற விவரங்களையும் தனிக் காகிதத்தில் குறித்தனுப்பினால், சேதத்தை மதிப்பிட உதவும். சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாக ஒட்டப்பட்டிருந்தாலும், சர்வே நம்பர் இல்லாத கிரயப் பத்திரம்போல் ஒன்றுக்கும் உதவாது. நிலத்துக்கு எல்லை எழுதுவதில் கிராம அதிகாரிகள் காட்டும் ஜாக்கிரதையில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதுமானது.

ஆக்ஷேபங்களும் சமாதானங்களும்

இது கல்லூரிக்காரர்கள் செய்யவேண்டிய வேலை, குடியானவர்களுக்கு ஏன் என்பது முதல் ஆக்ஷேபம். இனத்தை முடிவாக நிச்சயிப்பது நிபுணர் வேலையே, சந்தேகமில்லை. ஆனால் நிபுணர் ஒவ்வொரு வயலுக்கும் வருவது நடவாத காரியம். பூச்சி வரும் நாளில் வயலில் இருப்பவர் குடியானவர்தாம். அவர் பிடித்துச் சீட்டெழுதி அனுப்பாவிடில் நிபுணரின் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைக்க ஏதுமிராது.

கொம்புப் பூச்சி பெருஞ்சேதம் செய்வதன்றே, அதற்கு இத்தனை பிரயாசை எதற்கு என்பது இரண்டாவது. துவரைக்குக் காய்ப்புழு செய்யும் சேதத்தோடு ஒப்பிட்டால் இது அற்பமே. அந்த அற்பமான பூச்சிக்காகக் கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கித் தெளிப்பதுதான் வீண்செலவு. அம்மருந்து கொம்புப் பூச்சியின் முட்டைகளை அழிக்கும் சிறு குளவிகளையும் மற்றப் பயிர்ப்பகைகளைத் தின்னும் நன்மைப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லுகிறது. இனமும் எண்ணிக்கையும் அறிந்தவர், மருந்தைத் தொடாமலே முட்டைக் கீறலுள்ள சில கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தெரிந்துகொள்வார். சிறிய பூச்சிதானே என்று அலட்சியம் செய்வதால் பணம் மிச்சமாவதில்லை.

ஜீவன்களைப் பிடித்துக் கொல்லுவது தகாது என்பது மூன்றாவது. இவ்வுணர்ச்சி மதிக்கத்தக்கதே. ஆயினும் பன்னிரண்டு பூச்சிகளைச் சேகரித்து உண்மையை அறிவதால், அறியாமையால் தெளிக்கும் மருந்தில் மடியக்கூடிய எண்ணற்ற ஜீவன்கள், தேனீ உட்பட, பிழைக்கின்றன என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

செய்யவேண்டுவது

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்ப்பவர்கள், வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் பூச்சிகளைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அத்தகைய சேகரம் ஒன்று பெருநகரில் இருப்பது நல்லது. ஆனால் தம் ஊர் வயலில் இருக்கும் பூச்சிகள் எவை என்று அறிய விரும்பும் குடியானவர் கோயம்புத்தூருக்குப் பிரயாணம் செய்யவேண்டியதாயின் அந்த அறிவு வயலுக்கு வந்து சேராது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் ஒவ்வொன்றிலும், அந்த வட்டாரத்தில் பிடித்து, நிபுணரால் பெயர் நிச்சயிக்கப்பட்டு, சீட்டுடன் கூடிய பூச்சிப் பெட்டி ஒன்று இருக்கவேண்டும். கண்ணாடி மூடிய மரப்பெட்டியும், கையளவு ஊசிகளும், ஒரு பூதக்கண்ணாடியும் இதற்குப் போதும். செலவு பெரிதன்று, தொடர்ந்து கவனித்தலே பெரிது.

நிலமுடையோர் தங்கள் வயலில் புதிதாகத் தோன்றும் கொம்புப் பூச்சியை, மருந்து வாங்கப் புறப்படுமுன், மேற்கண்ட முறையில் பிடித்துச் சீட்டெழுதி மையத்துக்குச் சேர்ப்பிப்பதை வழக்கமாகக் கொள்ளலாம். கிராம அதிகாரிகள் பயிர்க் கணக்கெழுதச் செல்லும் நாட்களில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கூடவே எடுத்துச் செல்லலாம். கிராமப் பாடசாலையின் உபாத்தியாயர்கள் மாணவர்களைக்கொண்டு வேலியிலும் வயலிலும் உள்ள பூச்சிகளைத் தனித்தனியே சேகரித்து ஒப்பிடச் செய்தால், அது பாடமாகவும் ஊருக்கு உபகாரமாகவும் அமையும். மையத்தினரும் வந்த மாதிரிகளை மூலையில் போட்டுவிடாமல் நிபுணருக்கு அனுப்பி, கிடைத்த பெயரை, மாதிரி கொடுத்தவருக்குத் தவறாமல் தெரிவிக்கவேண்டும். பதில் வாராத இடத்துக்கு இரண்டாம் முறை எவரும் மாதிரி அனுப்பமாட்டார்கள்.

சில ஆண்டுகள் இவ்வாறு நடந்தால், எந்த மாதத்தில் எந்தச் செடியில் எந்த இனம் தோன்றுகிறது, வேலியிலிருந்து வயலுக்கு வருவது எது, வாராதது எது என்பன ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கணக்காகத் தெரிந்துவிடும். அடுத்த துவரைப் பட்டத்திலேயே இவ்வேலையைத் தொடங்குவதற்கு ஊர்தோறும் இரண்டொருவர் முன்வருவார்களாயின், அவர்கள் சேர்த்துவைக்கும் பெட்டி பின்வருபவர்களுக்கும் பயன்படும்.